மைக்கில் சொன்ன டைனோசர் முட்டை

கண்ணு,

இதை உறையில் போட்டு ஒட்டி உன் சென்னை முகவரிக்கு அனுப்பியிருக்கலாம். உன் அம்மா அப்படித்தான் செய்யச் சொன்னாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உன் டைனோசர் வலைத்தளத்தில் நீ எழுதிய அந்தப் பதிவுக்குக் கீழே 'சூப்பர்', 'செம காமெடி' என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்களே, அதே இடத்தில் இதையும் தட்டச்சு செய்து போடச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நீ ஊர் பார்க்க என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினாய், நானும் ஊர் பார்க்கவே பேசுகிறேன். இந்த மலையில், செம்மேட்டில் இத்தனை வருஷம் மைக்செட் வைத்துப் பிழைத்தவனுக்குக் காதோடு காதாகப் பேசிப் பழக்கமில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். "ஏனுங்க, பத்திரிகை அடிச்சாச்சு, இப்பப் போய் இதக் கெளப்போணுமா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் அவனக் கூப்புட்டு நாலு வார்த்த கேளுங்க" என்கிறாள் உன் அம்மா. கல்யாணம் முடிந்தால் நீ சிரித்துக்கொண்டே 'விடுங்கப்பா' என்பாய், நானும் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. வெளியூர்ப் பெண், நீயாகப் பார்த்த பெண் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கோபத்துக்கு அதுதான் காரணம் என்று மலையில் பேச்சு கிளம்பிவிட்டதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நீ நாமக்கல்லில் பாலிடெக்னிக் படித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வந்த புதிது. மற்ற பையன்கள் எதையெதையோ பார்க்கப் போனபோது, நீ டைனோசர் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஓர் ஆங்கிலக் குழுவில் போய் உட்கார்ந்தாய். சனிக்கிழமை மலையேறி வரும்போது பையில் பிரிண்ட் எடுத்த காகிதங்கள் இருக்கும். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவாய். எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க்காரியோடு சண்டை போட்டான், டைனோசர் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்ததா தூக்கிக்கொண்டு நடந்ததா, அதற்கு இறகு இருந்ததா இல்லையா. அடேங்கப்பா, சொந்த நிலத்து வரப்புக்குக்கூட மனிதர்கள் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சீனாவில் கிடைத்த கல்லில் இறகுத் தடம் தெளிவாக இருக்கிறது என்று நீ படம் காட்டிய அன்றைக்கு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உன் குழுவில் இருந்த ஆட்களின் புனைபெயர்கள்கூட எனக்குப் பாடமாகிவிட்டன. 'அந்தக் கனடாக்காரன் என்னடா சொன்னான்?' என்று நானே கேட்பேன்.

பிறகு நீ அதை மலைக்கே கொண்டுவந்தாய். கோயில் விசேஷங்களில் பூஜை முடிந்து, நாடகக்காரர்கள் வேஷம் கட்டி வருவதற்குள் ஓர் இடைவெளி விழும். அந்த நேரத்தில் நான் பாட்டுப் போட்டு ஒப்பேற்றுவேன். "அப்பா, அந்த நேரத்த எனக்குக் குடுங்கப்பா" என்று கேட்டாய். தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் முதன்முதலாகப் பேசினாய். யார் வீட்டுச் சேவலையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையேறி, அதன் காலைத் தூக்கிக் காட்டி, "இந்தச் செதிலப் பாருங்க, இந்த நகத்தப் பாருங்க, இது டைனோசரோட வம்சமுங்க" என்றாய். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "ஏனுங்க தம்பி, அப்ப எங்கூட்டுல நேத்துக் கொழம்பு வெச்சது டைனோசருங்களா?" என்று கேட்டார். நீ அசரவே இல்லை. "ஆமாங்க. எப்படி இருந்துச்சுங்க?" என்றாய். சிரிப்பு அடங்குவதற்குள் நாடகக்காரர்களே வேஷத்தோடு வந்து திரையோரம் நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

அதற்கப்புறம் குண்டனி நாடு, வளப்பூர் நாடு என்று நான் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஊரிலெல்லாம் நீ பேசினாய். நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். மலையில் மைக்கில் ஒன்றைச் சொன்னால் அது சொன்னதுதான். குழந்தை காணாமல் போனாலும், பஸ் வராமல் நின்றாலும், தண்ணீரில் மருந்து கலந்திருந்தாலும் எங்கள் குழாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். அதனால் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். நீயும் அப்படித்தான் செய்தாய். டைனோசர் எப்படிச் சத்தம் போடும் என்று யாராவது கேட்டால், "சினிமாவுல போடுற சத்தம் அவங்களா வெச்சதுங்க. நெசமா எப்படின்னு யாருக்கும் தெரியாதுங்க" என்பாய். 'தெரியாதுங்க' என்று நீ மைக்கில் சொல்லும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வளப்பூரில் ஒருவர், "நம்ம மலையில டைனோசர் எலும்பு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். நீ கிடைக்காது என்றாய். ஏன் கிடைக்காது என்று அழகாக விளக்கினாய். இந்த மலைப் பாறை பூமிக்கு அடியில் வெந்து, பிறகு மேலே வந்த பாறை, டைனோசருக்கு மட்டுமில்லை, எலும்பு என்று ஒன்று உலகத்தில் உண்டாவதற்கே முந்தைய பாறை என்றாய். சிப்பியும் எலும்பும் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும் என்றாய். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் டீக்கடையில் யாராவது பேச்செடுத்தால் உன் பேச்சை நான் வரி பிசகாமல் ஒப்பிப்பேன். என் மகன் இல்லாததை இல்லை என்று சொல்லுகிறவன் என்று எனக்கு மிதப்பு.

அடுத்த வருஷம் அதே வளப்பூர் நோம்பியில், அதே மைக்கைப் பிடித்து, அந்த ஊர் விவசாயி வெள்ளையண்ணன் காட்டில் டைனோசர் முட்டை கிடைத்திருக்கிறது என்று சொன்னாயே, சொல்லும்போது உனக்கு வாய் கூசவில்லையா?

அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளையண்ணன் மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கு தோண்டும்போது ஓர் உருண்டைக் கல் வெளியே வந்தது. மேல்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்திருந்தது. நீ அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து ஏற்கெனவே உன் குழுவுக்கு அனுப்பியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. நீ மேடையேறி, "இது ரொம்ப முக்கியமான எடமுங்க. வெளிநாட்டுல இருந்து ஆராய்ச்சி பண்றவங்க வருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த எடத்த யாரும் தொடக்கூடாதுங்க, கடப்பாரை போடக்கூடாதுங்க, ஏர் ஓட்டக்கூடாதுங்க" என்றாய். கூட்டம் ஓவென்று கத்தியது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வெள்ளையண்ணனைத் தோளில் தூக்காத குறை.

நீ கேட்கலாம், போன வருஷம் கிடைக்காது என்றவன் இந்த வருஷம் கிடைத்தது என்கிறானே, உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா என்று. வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் கேட்கவும் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "புதுசா ஆதாரம் கெடச்சா பழையத மாத்திக்கறதுதாம்ப்பா சயின்சு. இறகு மேட்டர்ல மாத்திக்கலையா?" என்றாய். எதை நீ எனக்கு உயர்ந்த குணம் என்று சொல்லிக் கொடுத்தாயோ, அதை வைத்தே என் வாயை அடைத்தாய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லாத பிள்ளை உலகத்தில் எங்கே இருக்கிறது? சிகரெட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், சினிமாவுக்குப் போனதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், நான் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். இது அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் நீ சென்னைக்குப் போனாய். வேலை, வலைத்தளம், பள்ளிக்கூடங்களில் பேச்சு, டிவியில்கூட ஒரு தரம் முகம் காட்டினாய். மலையில் ஒருத்தரும் வரவில்லை. வெள்ளையண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், "தம்பி எதாச்சும் சொல்லுச்சுங்களா? எப்ப வாராங்களாம்?" நான் உனக்கு போன் போட்டுக் கேட்டால், "அதெல்லாம் லேட்டாகும்ப்பா" என்பாய். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. அந்த மேட்டுக்காடு அரை ஏக்கர் அப்படியே கிடக்கிறது. சுற்றிலும் முள்வேலி. அதற்கு மேலே இருக்கிற காட்டில் கிழங்கு போடுகிறார், கீழே சாமை விதைக்கிறார், நடுவில் இது மட்டும் புதர் மண்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் வேலிக்கு வெளியே நிறுத்தி, நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுகிறார்.

போன மாதம் உன் அக்கா வந்தாள். அவள் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து உன் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். "அப்பா, உக்காந்துக்கிட்டுப் படிங்க" என்றாள். படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குழுவில் எல்லோரிடமும் காட்ட ஏதாவது ஒன்று இருந்தது, ஒருவனுக்கு எலும்பு, ஒருத்திக்கு மியூசியம், உனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். 'மலையில் இருக்கிறாயே, உனக்கு எதுவும் கிடைக்கவில்லையா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருநாள் ஆசையில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டேன் என்கிறாய். அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது கண்ணு. அந்த வயதில் அந்த ஆசை வரும். படிக்கும்போது எனக்கு உன்மேல் இரக்கம்கூட வந்தது.

அடுத்த பத்தியில் அந்த இரக்கம் போய்விட்டது. யாராவது கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் வெறும் கல்தான் என்று தெரிந்துவிடும், அதனால்தான் தொடக்கூடாது என்று மைக்கில் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருக்கிறாய். 'எங்கப்பா ஓர் அப்பாவி மைக்செட்காரர், எதைச் சொன்னாலும் வால்யூமைக் கூட்டி வைப்பார்' என்கிறாய். 'ஒரு விவசாயி நிஜமாகவே வேலி போட்டுவிட்டார், ஹா ஹா' என்கிறாய். கடைசியில், உன் மனசாட்சி உறுத்தியதாம், போன வருஷம் அந்தக் குழுவில் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாயாம். எல்லோரும் உன் நேர்மையைப் பாராட்டினார்களாம். அறிவியலில் தப்பை ஒப்புக்கொள்வதுதான் அழகு என்று முடித்திருக்கிறாய்.

நல்லா இருக்குடா உன் நியாயம்! கனடாக்காரனிடம் மன்னிப்புக் கேட்டாய். அவனுக்கு என்ன நஷ்டம்? ஒரு படத்தைப் பார்த்தான், நம்பினான், அடுத்த படத்துக்குப் போய்விட்டான். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஆள்தேடிப் போய் உண்மையைச் சொன்ன நீ, கல் கிடக்கிற காட்டுக்காரரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. இங்கே யார் இண்டர்நெட் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தானே?

அன்றைக்கே உனக்கு போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதுகிறேன், உன்னைப் பாராட்டினவர்களும் படிக்கட்டும். "அப்பா, அது காமெடிக்காக எழுதினதுப்பா. ஊர்ல யாரு அதெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?" என்றாய். வெள்ளையண்ணன் வைத்திருக்கிறார்டா என்றேன். "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாய்.

சரி, போய்ச் சொன்னேன். பஸ் பிடித்து வளப்பூருக்குப் போனேன். வெள்ளையண்ணன் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தது. நான் குடிக்காமலேயே சொன்னேன். "அண்ணா, அது முட்டை இல்லீங்க. வெறுங்கல்லுங்க. என்ற பையன் பொய் சொல்லிப்போட்டானுங்க. நீங்க வேலியப் பிரிச்சுப்போட்டு ஏர் ஓட்டுங்க."

அவர் கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் சிரித்தார். "ஏனுங்க மைக்செட்டுக்காரரே, தம்பி தானாப் பொண்ணு பாத்துக்கிச்சுன்னு கோவமுங்களா? அதுக்காகப் பெத்த பையனப் பொய்யன்னு சொல்லலாமுங்களா? இந்தக் காலத்துல எல்லாப் பையனும் அப்படித்தானுங்க. மனசத் தேத்திக்குங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அந்தம்மா மட்டும் பொறுக்காமல், "நான் அன்னைக்கே சொன்னனுங்க, அது கல்லுன்னு. நம்ம காட்டுல இல்லாத கல்லா? கேட்டாத்தானுங்க?" என்றது. "நீ சும்மா இரு. படிச்ச தம்பி மைக்குல சொன்னது பொய்யி, நீ சொல்றது நெசமா?" என்று அதட்டிவிட்டார். நான் கடப்பாரை எடுத்துவந்து உடைத்துக் காட்டுகிறேன் என்றேன். சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடக்கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்குதுங்க. தம்பி வரட்டும்ங்க" என்றார்.

புரிகிறதா உனக்கு? இந்த மலையில் என் பேச்சை நம்பாத ஆள் அதுவரை கிடையாது. உன்னை நம்புவதற்காக இன்றைக்கு என்னை நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஊரே அவர் பக்கம். நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், நாலு பேரும் கல்யாணக் கோபம் என்றார்கள். ஒருவர், "போனாப் போகுது, போய் அட்சத போட்டுட்டு வாங்க" என்று என் தோளைத் தட்டினார். உண்மையைச் சொல்லப் போய் மகன்மேல் பொறாமைப்படுகிற அப்பன் என்ற பெயரோடு திரும்பி வந்தேன்.

உன் பதிவைப் படித்து அந்தப் பெண்ணும் சிரித்திருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் வெள்ளையண்ணனைப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். அந்தம்மா பலாச்சுளை உரித்துக் கொடுத்து, "சாப்புடு சாமி" என்று உன் கையில் திணித்திருக்கிறது. அவர்களையும் வைத்து எப்படியடா உனக்கு ஹா ஹா என்று எழுத வந்தது?

கிளம்பும்போது வெள்ளையண்ணன் என்னோடு ரோடு வரைக்கும் வந்தார். நான் ஏறியபிறகு ஜன்னல் பக்கம் வந்து, தன் சம்சாரத்துக்குக் கேட்காத தூரம்தான், ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "தம்பி ஒருதரம் வந்துட்டுப் போகட்டும்ங்க. முட்டைன்னாலும் சரி, கல்லுன்னாலும் சரி, அது வாயால சொல்லிட்டாப் போதுமுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டனுங்க. மழை வர்றதுக்குள்ள சொல்லிட்டா, இந்த வருசம் சாமை வெதைச்சுக்குவனுங்க." அந்த மனிதருக்கும் எங்கேயோ தெரிந்திருக்கிறது. ஆனாலும் உன் வாயால் கேட்காமல் வேலியில் கை வைக்க மாட்டேன் என்கிறார்.

நேற்றிலிருந்து மலையில் மழை.

உன் அம்மாவும் அக்காவும் முன்கூட்டியே சென்னைக்கு வருவார்கள். என் வேட்டி சட்டையையும் அம்மா பெட்டியில் வைத்துவிட்டாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீ வந்து கூட்டிப்போனால்தான் வருவேன். செம்மேட்டுக்கு வராதே, நேராக வளப்பூருக்கு வா. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. நான் மைக்செட்டைக் கொண்டுவந்து வெள்ளையண்ணன் காட்டில் கட்டி வைத்திருக்கிறேன். முதலில் அவரிடம் சொல், பிறகு மைக்கில் சொல். சொல்லிவிட்டு நீயே கடப்பாரையைப் பிடித்து அந்தக் கல்லைப் பெயர்த்துப் போடு. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், முடித்ததும் நீ வந்த வண்டியிலேயே உன்னோடு ஏறிக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

வராவிட்டால், முகூர்த்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவர் நம்பாவிட்டாலும், ஏதாவது ஒரு நாள் நம்புவார் என்று, அந்த வேலிக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா